2017 டிராஃப்டில் சென்னையின் எஃப்.சி எடுத்த ஆட்கள்: இப்போது திரும்பிப் பார்த்தால் என்ன சொல்வீர்கள்?

இடதுகால்_வள்ளவிளை:

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் லீக்குக்கு ஆள் பிரித்தோம். சீட்டு குலுக்கி முறை போட்டு, ஒவ்வொரு அணியும் வரிசையாக ஒரு ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. எட்டு அணி, ராத்திரி பத்து மணி வரை போனது. வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை, 2017 ஜூலை 23 தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடந்தது, அப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் கரையில்தான் இருந்தார்கள். மும்பையில் ஐ.எஸ்.எல் கால்பந்து லீக்கின் டிராஃப்ட், அதாவது அணிகள் முறை வைத்து இந்திய ஆட்களை எடுக்கிற நிகழ்ச்சி நடக்கிறது, நாங்கள் ஆறேழு பேர் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் ஒரே போனை வைத்துக்கொண்டு வருகிற பெயர்களை ஒவ்வொன்றாக சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தோம். பெங்களூருவும் ஜம்ஷெட்பூரும் புதிதாக உள்ளே வந்து பத்து அணியாக ஆன வருடம் அது. இருநூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் பட்டியலில். ஏலம் மாதிரி விலையை ஏற்றிப் போக முடியாது, ஆளுக்கு என்ன சம்பளம் என்று முன்னாலேயே எழுதி வைத்திருப்பார்கள், உன் முறை வரும்போது வேண்டுமென்றால் எடு, இல்லையென்றால் விடு, அவ்வளவுதான். ஜம்ஷெட்பூர் முதல் ஆளாக அனஸ் எடத்தொடிகாவை 1.10 கோடிக்கு எடுத்தது. சென்னையின் எஃப்.சி ஃபார்வேர்டு ஜேஜேயையும் கோல்கீப்பர் கரண்ஜித்தையும் ஏற்கெனவே தக்கவைத்திருந்ததால் முதல் இரண்டு சுற்றும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. இளம் ஆட்களில் தாப்பாவும் ஜெரியும் ஏற்கெனவே கையில் இருந்தார்கள்.

அப்புறம் நம் முறை வந்தது. முதல் பெயர் தோய் சிங். திண்ணையில் ஒருத்தரும் கை தட்டவில்லை. அதற்கடுத்து வந்த பெயர்களைப் பாருங்கள்: பிக்ரம்ஜித், தன்பால் கணேஷ், ஜெர்மன்பிரீத், பிரான்சிஸ் பெர்னாண்டஸ், முகமது ரஃபி, கீனன் அல்மெய்டா, புல்கான்கோ கார்டோசோ, தனச்சந்திரா. இதில் தோய், கணேஷ், தனச்சந்திரா மூன்று பேரும் ஏற்கெனவே நம் அணியில் ஆடினவர்கள். 2016இல் எட்டு அணியில் ஏழாவதாக வந்தோம், அந்த அணியில் இருந்தே ஆளைத் திரும்ப எடுத்தால் எப்படி இருக்கும்? சித்தப்பா மகன் போனைத் திண்ணையில் வைத்துவிட்டு எழுந்தே போய்விட்டான். நானும் அன்றைக்குக் கோபத்தில் என்னவெல்லாமோ பேசினேன்.

ஆனால் இப்போது யோசித்துப் பார்த்தால் அந்தப் பட்டியல் வேறு மாதிரி தெரிகிறது. அந்த வருடம்தான் களத்தில் இறங்குகிற வெளிநாட்டு ஆட்களை ஆறிலிருந்து ஐந்தாகக் குறைத்தார்கள். அதாவது பதினொரு பேரில் ஆறு பேர் இந்திய ஆட்களாக இருந்தே ஆக வேண்டும். அப்படியானால் டிராஃப்டில் நீ எடுக்கிற ஆள் பெஞ்சில் உட்கார வருகிறவன் இல்லை, அணியின் பாதி அவன்தான். ஜான் கிரகரி புதிதாக வந்த பயிற்சியாளர். அவர் ஆட்டத்தைப் பார்த்தீர்கள் என்றால் டிஃபென்ஸுக்கு முன்னால் கணேஷும் பிக்ரம்ஜித்தும் நின்று பந்தைப் பிடுங்கிக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் அங்கே நிற்பதால்தான் ரபேல் அகஸ்டோவுக்கு முன்னால் போய் விருப்பப்படி ஆட முடிந்தது. ஜேஜேக்கு பந்து கிடைத்தது. பெரிய பெயர் இல்லை, ஆனால் எந்த இடம் காலியாக இருந்ததோ அந்த இடத்துக்கு ஆள் எடுத்திருக்கிறார்கள். 2018 மார்ச் 13, சென்னையில் கோவாவோடு இரண்டாவது அரையிறுதி: 3-0. ஜேஜே இரண்டு, நடுவில் கணேஷ் ஒன்று. வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்த பையன், சென்னை மைதானத்தில், அரையிறுதியில் கோல் போடுகிறான். அந்த கோலை நான் இன்னமும் போட்டுப் பார்ப்பேன்.

இடையில் என்ன நடந்தது என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எங்கள் ஊர், சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை எல்லா இடத்திலும் வீட்டுக்கு வீடு காத்துக் கிடந்தோம். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊரில் நட்சத்திரம் கட்டவில்லை. கடற்கரையில் கோல் கம்பம் நின்றது, பந்து ஆட ஒருத்தரும் வரவில்லை. ஜூலையில் அந்தத் திண்ணையில் எங்களோடு உட்கார்ந்து பெயர் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் திரும்பி வரவில்லை. மார்ச் 17 அன்று பெங்களூருவில், பெங்களூரு அணியோடு இறுதிப்போட்டி. ஆட்டம் தொடங்கி பத்து நிமிடத்துக்குள் சேத்ரி கோல். அப்புறம் நம் மெயில்சன் தலையால் இரண்டு, ரபேல் ஒன்று, 3-2. அதே திண்ணையில்தான் பார்த்தோம். ஒக்கிக்குப் பிறகு எங்கள் தெருவில் சத்தமாக ஒரு சந்தோஷம் கேட்டது அன்றைக்குத்தான்.

என் கேள்வி இரண்டு. ஒன்று, அந்த டிராஃப்ட் உண்மையிலேயே நல்ல தேர்வா, அல்லது கோப்பை வந்ததால் எனக்கு அப்படித் தெரிகிறதா? இரண்டாவது, அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டுக்காரர் என்று சொல்ல கணேஷ் ஒருத்தர்தான். எங்கள் கரையில் இருந்து யாரும் இல்லை. அதற்கடுத்த வருடத்தில் இருந்து டிராஃப்டே கிடையாது, அணிகள் நேரடியாகப் பேசி ஆள் எடுக்கின்றன. நம் பையன்களுக்கு எது நல்லது? பட்டியல் போட்டு முறை வைத்து எடுப்பதா, இப்போது இருக்கிற மாதிரியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடசேரி_ஸ்டாப்பர்:

மக்கா, ஒக்கியைப் பற்றி எழுதியதைப் படித்து ரொம்ப நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. உங்கள் ஆட்களுக்கு என் அஞ்சலி.

முதல் கேள்விக்கு வருகிறேன். எனக்கு உன் கருத்தில் பாதிதான் உடன்பாடு. அந்தக் கோப்பையை டிராஃப்ட் கணக்கில் எழுதுவது சரியில்லை. பின்னால் மெயில்சன், செரீனோ, கால்டெரோன் மூன்று பேர் நின்றார்கள், மூன்று பேரும் வெளிநாட்டு ஆட்கள், மூன்று பேரும் டிராஃப்டுக்கு வெளியே வந்தவர்கள். நான் நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தில் பல வருடம் ஸ்டாப்பர் பேக் ஆடினவன். பின்னால் நிற்கிறவன் தலையில் பந்து தவறாது என்று தெரிந்தால் முன்னால் நிற்கிறவன் எவ்வளவு தைரியமாக ஆடுவான் என்று எனக்கு அனுபவத்தில் தெரியும். இறுதிப்போட்டியில் இரண்டு கோலும் ஒரு ஸ்டாப்பர் கார்னரில் ஏறிப் போய் அடித்தது. அதில் டிராஃப்ட் எங்கே வருகிறது?

இன்னொன்று. 2018-19 சீசனை நினைத்துப் பார். அதே கிரகரி, ஜேஜே, கரண்ஜித், தாப்பா, ஜெரி, தோய் என்று முக்கால்வாசி அதே இந்திய ஆட்கள். பத்து அணியில் பத்தாவது. தேர்வு அவ்வளவு நன்றாக இருந்திருந்தால் ஒரே வருடத்தில் அடிமட்டத்துக்கு எப்படிப் போவோம்?

ஆனால் நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வருடம் கணேஷ் முழங்கால் காயத்தால் ஆடவில்லை. நான் அதைப் பெரிய காரணமாகவே பார்க்கிறேன். ஒரு ஆள் இல்லாமல் போனதும் எதிரணி நடுவில் எவ்வளவு சுலபமாக நடந்து வந்தது என்று பார்த்தோமே. அந்த அளவில் நீ சொல்வது சரி. கணேஷைத் திரும்ப எடுத்தது நல்ல தேர்வு, மிக நல்ல தேர்வு. மற்றதை எல்லாம் சேர்த்து நல்ல டிராஃப்ட் என்று என்னால் சொல்ல முடியாது.

தோய் சிங்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 2015இல் கோவாவில் கடைசி நிமிடத்தில் மெண்டோசா அடித்து 3-2 என்று கோப்பை வாங்கினோமே, அந்த அணியில் இருந்தவர் அவர். அவர் பெயருக்குக் கை தட்டாமல் இருந்தது நியாயமில்லை மக்கா.

மஞ்சள்சட்டை_களியக்காவிளை:

நான் கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகன், இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் மஞ்சள்தான், செக்போஸ்ட் தாண்டினால் கேரளா, அதனால் மன்னித்துவிடுங்கள்.

அந்த டிராஃப்டில் எனக்கு வலித்த பெயர் முகமது ரஃபி. 2016 டிசம்பர் 18, கொச்சி இறுதிப்போட்டியில் கொல்கத்தாவுக்கு எதிராக எங்களுக்கு முதல் கோலைத் தலையால் அடித்தவர். அன்றைக்கு பெனால்டியில் தோற்றோம், நான் கலூர் மைதானத்தில் இருந்தேன், ரயிலில் திருவனந்தபுரம் வரும் வரை எங்கள் பெட்டியில் யாரும் பேசவில்லை. ஏழு மாதம் கழித்து அதே ரஃபி சென்னைக்குப் போகிறார். எங்கள் அணி வினீத்தையும் ஜிங்கனையும் வைத்துக்கொண்டது, டிராஃப்டில் முதல் ஆளாக ரினோ ஆண்டோவை எடுத்தது. பெயரைப் பார்த்தால் எங்கள் பட்டியல்தான் அன்றைக்கு அழகாக இருந்தது, நாங்கள்தான் கை தட்டினோம். முடிவில் நாங்கள் ஆறாவது, நீங்கள் சாம்பியன்.

அதனால் இடதுகால் சொல்வது எனக்குப் புரிகிறது. டிராஃப்ட் நடக்கிற அன்று ரசிகனுக்குப் பிடிக்கிற பட்டியல் ஒன்று, பிப்ரவரி மாதம் நாலு நாளைக்கு ஒரு ஆட்டம் வரும்போது பயிற்சியாளருக்குத் தேவைப்படுகிற பட்டியல் வேறு ஒன்று. ஸ்டாப்பர் அண்ணன் சொன்ன வெளிநாட்டு ஆட்கள் எங்களுக்கும் இருந்தார்கள். மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆடின பெர்பட்டாவ் பெயரைக் கேட்டு நாங்கள் எவ்வளவு குதித்தோம்! வெளிநாட்டு ஆள் மட்டும் போதும் என்றால் நாங்கள்தானே ஜெயித்திருக்க வேண்டும்?

பூத்துறை_பழைய_கோலி:

தம்பி இடதுகால், உன் அப்பாவோடு நான் கடலுக்குப் போனவனாக இருக்கலாம், யார் என்று கேட்க மாட்டேன். இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். முதல் கேள்வியை இளைஞர்கள் பேசிக்கொள்ளட்டும்.

நீரோடியில் தொடங்கி மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை வரை நடந்து பார். ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையில் வேலி கிடையாது, கடற்கரையில் ஒரு ஊர் ஆட்டம் முடிகிற இடத்தில் அடுத்த ஊர் ஆட்டம் தொடங்கும். இவ்வளவு நெருக்கமாகப் பந்து ஆடுகிற கரையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கொச்சி, மங்களூர், கோவா, ரத்னகிரி வரை கரை கரையாகப் போய் வந்தவன் சொல்கிறேன். மணலில் ஓடிப் பழகின கால், அதைப் புல்லில் இறக்கினால் எப்படி ஓடும் என்று நினைத்துக்கொள்.

அப்படியானால் ஆள் ஏன் மேலே போவதில்லை? டிராஃப்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காரணம் ஒன்றுதான். பதினேழு, பதினெட்டு வயது. ஒரு பையன் ஆட்டக்காரன் ஆகிறானா இல்லையா என்பது தெரிகிற வயது அதுதான். எங்கள் கரையில் அந்த வயதில்தான் அவன் படகில் ஏறுகிறான். ஆழ்கடல் தங்கல் என்றால் இருபது நாள், முப்பது நாள், சில சமயம் அதற்கும் மேலே. கரைக்கு வந்து ஒரு வாரம் இருப்பான், திரும்பப் போய்விடுவான். ட்ரயல் நடக்கிற தேதி அவனுக்குத் தெரியும்போது அவன் லட்சத்தீவுக்கு அந்தப் பக்கம் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பான். அந்த ஏழு நாளில் எவ்வளவு அழகாக ஆடினாலும் யார் வந்து பார்ப்பது?

எனக்குத் தெரிந்த ஒரு பையன், என் மருமகன் முறை. லெஃப்ட் அவுட், நின்ற இடத்தில் திரும்புவான். ஒரு அகாடமி ட்ரயலுக்கு நானே கூட்டிப்போனேன். ராத்திரி பஸ் ஏறி காலையில் இறங்கி நேராக மைதானம். நூற்றுக்கணக்கில் பையன்கள், ஆளுக்கு இருபது நிமிடம் கூட இல்லை. இவன் கால் மெதுவாகச் சூடாகிற கால், முதல் பத்து நிமிடம் தடுமாறுவான். அந்தப் பத்து நிமிடத்தோடு பெயரை அடித்துவிட்டார்கள். வருகிற வழியில் பஸ்ஸில் அவன் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: மாமா, நான் அடுத்த தங்கலுக்குப் பேர் கொடுத்துவிடட்டுமா? கொடு என்று சொன்னேன். இன்றைக்கு வரை அந்த பதிலை நினைத்து வருத்தப்படுகிறேன்.

இப்போது மைக்கேல் சூசைராஜை எடுத்துக்கொள். இரவிபுத்தன்துறைக்காரர். டிராஃப்ட் நடந்த 2017இல் அவர் ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கில் சென்னை சிட்டி என்ற வேறொரு அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். ஐ-லீக்கில் அவரைப் பார்த்துத்தான் 2018இல் ஜம்ஷெட்பூர் எடுத்தது. 2019 ஜூன், தாய்லாந்தில் கிங்ஸ் கோப்பை, குராசாவ் அணிக்கு எதிராக இந்தியச் சட்டை போட்டார். அந்த ராத்திரி எங்கள் எட்டு ஊரிலும் தூங்கின வீடு எத்தனை என்று எண்ணிவிடலாம். அப்புறம் கொல்கத்தா ஏ.டி.கே. 2020 மார்ச் 14, கோவாவில் ஆள் இல்லாத மைதானத்தில் இறுதிப்போட்டி, ஏ.டி.கே 3, சென்னையின் எஃப்.சி 1. கோப்பை வாங்கின அணியில் எங்கள் கரைப் பையன். தோற்ற அணி எங்கள் மாநிலத்தின் அணி. சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் நான் டிவியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கடுத்த சீசன், 2020 நவம்பர் 20, முதல் ஆட்டத்திலேயே, தொடங்கிக் கால் மணி நேரத்தில் காயம் பட்டு வெளியே போனார். அந்த சீசன் முழுக்கப் போயிற்று. அவர் காலை எங்கள் கால் மாதிரி நினைத்து நாங்கள் இங்கே ஜெபம் வைத்தோம்.

ஆகவே தம்பி, பட்டியலா நேரடிப் பேச்சா என்பதில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பட்டியல் எழுதுவதற்கு முன்னால் ஒருத்தர் வந்து பார்க்க வேண்டும். சூசைராஜுக்கு அந்த இடத்தைக் கொடுத்தது ஐ-லீக்கில் ஆடின ஒரு தமிழ்நாட்டு அணி. அந்த மாதிரி நடுப்படி ஒன்று இருந்தால் நம் பையன் ஏறுவான், இல்லையென்றால் கீழேயே நிற்பான்.

கோவையில்_ஒரு_சின்னத்துறைக்காரன்:

கோலி மாமா எழுதியதில் அந்த பஸ் பகுதியைப் படித்துவிட்டு நான் எழுந்து வெளியே போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

சென்னை சிட்டி பற்றி வந்ததால் என் பங்குக்கு. வேலைக்காகக் கோவைக்கு வந்தேன், 2018-19இல் அவர்கள் ஊர் ஆட்டம் எல்லாம் இங்கே நேரு ஸ்டேடியத்தில்தான். ஒரு ஆட்டமும் விடவில்லை. டிராஃப்டே இல்லாமல் ஆள் சேர்த்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்த அணியை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அக்பர் நவாஸ் என்று சிங்கப்பூர்க்காரர் பயிற்சியாளர். முன்னால் ஸ்பெயினில் இருந்து கொண்டுவந்த ஆட்கள், பெட்ரோ மான்சி மட்டும் 21 கோல். அவர்களைச் சுற்றி எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் என்று தமிழ்நாட்டுப் பையன்கள். சூசைராஜ் போன பிறகும் அவருடைய சகோதரர் ரெஜின் இருந்தார். இந்தப் பெயர்களை எந்த டிராஃப்ட் மேஜையில் வைத்தாலும் முதல் ஐந்து சுற்றில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

2019 மார்ச் 9, கடைசி ஆட்டம், மினர்வா பஞ்சாப். ஜெயித்தால்தான் கோப்பை உறுதி. மூன்றாவது நிமிடமோ என்னவோ, உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் கோல் வாங்கிவிட்டோம். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அப்புறம் மான்சி பெனால்டி, கௌரவ் போரா இரண்டு. அவர் அசாம்காரர், பின்னால் ஆடுகிறவர். 3-1. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக்கை ஜெயித்ததை என் கண்ணால் பார்த்தேன். அடுத்த நாள் காலை ஊருக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னேன், அம்மாவுக்குப் பந்து பற்றி ஒன்றும் தெரியாது, நம்ம கரைப் பிள்ளை ஆடினானா என்று மட்டும் கேட்டார்.

அந்த சீசன் முடிந்ததும் என்ன ஆனது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எட்வின் சென்னையின் எஃப்.சிக்குப் போனார், ரெஜின் ஏ.டி.கே போனார். நேரடிப் பேச்சு என்பதால்தான் இது ஒரே கோடையில் நடந்தது. டிராஃப்ட் இருந்திருந்தால் யார் எங்கே போகிறார் என்பது குலுக்கலில் நிற்கும், எட்வின் மாதிரி ஒரு தமிழ்நாட்டுப் பையன் சென்னை அணிக்கே வருவான் என்று உறுதி கிடையாது. அதனால் நான் டிராஃப்ட் வேண்டாம் என்ற கட்சி.

ஆனால் கோலி மாமா சொன்னதுதான் அடிப்படை. அந்தப் பையன்களை ஒருத்தர் முதலில் ஒரு முழு சீசன் ஆடவிட்டார். இருபது நிமிட ட்ரயலில் எட்வினைக் கூட யாருக்கும் தெரிந்திருக்காது.

வடசேரி_ஸ்டாப்பர்:

மஞ்சள்சட்டை, பெர்பட்டாவ் விஷயத்தில் என்னை மடக்கிவிட்டாய். ஒத்துக்கொள்கிறேன். வெளிநாட்டு ஆள் யார் என்பதும் தேர்வுதான், அந்தத் தேர்வுக்கு ஏற்ற மாதிரி இந்திய ஆளை எடுப்பதும் தேர்வுதான். மெயில்சன் பின்னால் நிற்பார் என்று தெரிந்துகொண்டு கணேஷை முன்னால் வைத்திருக்கிறார்கள் என்றால் இரண்டையும் பிரித்துப் பேசியது என் தவறு.

சின்னத்துறைக்காரரே, ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். டிராஃப்டில் ஒரு நியாயம் உண்டு. பணம் உள்ள அணி எல்லாரையும் அள்ளிக்கொண்டு போக முடியாது. இப்போது பாருங்கள், நல்ல இந்திய ஆட்கள் நாலைந்து அணியிலேயே குவிந்து கிடக்கிறார்கள், மற்ற அணிகள் மிச்சத்தை எடுக்கின்றன. ஒரு நல்ல பையன் பெரிய அணியின் பெஞ்சில் இரண்டு வருடம் உட்கார்ந்தால் அவனும் வீண்தானே. முறை வைத்து எடுத்தால் அவன் எங்காவது ஆடிக்கொண்டிருப்பான். இதையும் கணக்கில் எடுங்கள்.

இடதுகால்_வள்ளவிளை:

எல்லாருக்கும் நன்றி. வேலை முடிந்து வந்து ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன்.

ஸ்டாப்பர் அண்ணே, தோய் சிங் விஷயத்தில் நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 2015 கோப்பையில் ஆடின ஆளைத் திண்ணையில் உட்கார்ந்து குறை சொன்னோம். சித்தப்பா மகனிடம் சொன்னேன், அவனும் ஒத்துக்கொண்டான்.

2018-19 பற்றி யோசித்தேன். நான் முதலில் எழுதும்போது அந்த வருடத்தை மறந்தே போயிருந்தேன், மனது அப்படித்தான் வேண்டாததைத் தள்ளிவிடுகிறது. ஆனாலும் என் எண்ணம் மாறவில்லை. 2017இல் அவர்கள் எடுத்தது அந்த ஒரு வருடத்துக்கான அணி. ஒரு ஆள் விழுந்தால் அவன் இடத்துக்கு யார் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. கணேஷ் விழுந்தார், இடம் காலியாகவே கிடந்தது. நல்ல தேர்வுதான், ஆனால் ஆழம் இல்லாத தேர்வு. இப்படிச் சொன்னால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

மஞ்சள்சட்டை, நீங்கள் தாராளமாக எழுதுங்கள். என் மாமா வீடு பொழியூரில், அவர்கள் எல்லாரும் உங்கள் கட்சிதான். ரஃபியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான், நமக்கு வருகிற ஒவ்வொரு ஆளும் இன்னொரு ஊரில் யாரோ ஒருவருக்கு இழப்பு என்று தோன்றியது. எனக்கு அது இதுவரை தோன்றியதே இல்லை.

கோலி மாமா. நீங்கள் எழுதியதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. நான் முதலில் சொன்ன எங்கள் ஊர் ஆள் பிரிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் அணிக்கு நாலாவது முறை வந்தது. எல்லாரும் ஃபார்வேர்டு ஆட்களைக் கூப்பிட்டார்கள், நான் முதலில் கோலியை எடுத்தேன், பிறகு இரண்டு பேக். நண்பர்கள் திட்டினார்கள். அதற்குப் பிறகு கடைசிச் சுற்றுகளில் யாரும் கூப்பிடாத ஒரு பையன் மிச்சம் இருந்தான். பதினாறு வயது, மெலிந்த உடம்பு, இடதுகால். இந்த வருடம் பள்ளி முடிக்கிறான், அவன் அப்பா ஒக்கியில் போனவர், அண்ணன் படகுக்குப் போகிறான். அவனுக்கும் அடுத்த வருடம் படகுதான் என்று வீட்டில் பேச்சு. கடலுக்குப் போய்விடுவான், சீசன் முழுக்க ஆட மாட்டான் என்ற பயத்தில்தான் யாரும் அவனை எடுக்கவில்லை. நான் எடுத்தேன். நேற்று முதல் பயிற்சி. தொடக்கத்தில் தடுமாறினான், உங்கள் மருமகன் மாதிரியே. அரை மணி நேரம் கழிந்தபின் அவனிடம் இருந்து பந்தை வாங்க எங்களில் ஒருத்தராலும் முடியவில்லை.

அவனுக்கு என்ன செய்யலாம்? சென்னை லீக்கில் ஆடுகிற அணி எதற்காவது அனுப்பலாமா, அல்லது பக்கத்திலேயே திருவனந்தபுரத்தில் சேர்த்தால் வீட்டையும் பார்த்துக்கொள்ளலாமா? அங்கேயும் 2024இல் இருந்து சூப்பர் லீக் கேரளாவில் கொம்பன்ஸ் என்று அணி இருக்கிறது, இளம் பையன்களைப் பார்ப்பார்களா என்று விசாரிக்கலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் பேச ஒரு பெரியவர் வேண்டும், நான் பேசினால் சின்னப் பையன் என்று நினைப்பார்கள்.

பூத்துறை_பழைய_கோலி:

திருவனந்தபுரம்தான் முதலில். ஒரு மணி நேரப் பயணம், அம்மாவுக்குப் பயம் இருக்காது, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். சென்னையை ஒரு வருடம் கழித்துப் பார்ப்போம். எங்கே போனாலும் இருபது நிமிட ட்ரயலுக்கு மட்டும் அனுப்பாதே. முழு ஆட்டம் இரண்டு மூன்றைப் போனில் எடுத்து வை, முதல் பத்து நிமிடத்தையும் சேர்த்து எடு, வெட்டாதே. அவன் எப்படித் தொடங்கி எப்படி முடிக்கிறான் என்று பார்க்கிறவனுக்குத் தெரியட்டும்.

வீட்டில் நான் பேசுகிறேன். அவன் அப்பா யார் என்று எனக்கு இப்போது விளங்கிவிட்டது, நாங்கள் ஒரே படகில் இரண்டு தங்கல் போயிருக்கிறோம். சனிக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு உங்கள் கடற்கரைக்கு வருகிறேன். என் மருமகனையும் கூட்டி வருகிறேன், இந்த வாரம் கரையில்தான் இருக்கிறான். பழைய பூட் ஒன்று அவனிடம் இருக்கிறது, பையனுக்குக் காலளவு என்ன என்று கேட்டுச் சொல்.

இடதுகால்_வள்ளவிளை:

கேட்டேன் மாமா. ஏழாம் நம்பர். நாலரைக்குக் கோயிலுக்குக் கீழே இருக்கிற கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்போம்.